தாழிக்குள் சுருண்டு கிடக்கும் காலம்

நெல்லைச் சீமைப் பாட்டிமாரிடம் ஒரு கதை உண்டு. நீங்களும் கேட்டிருக்கலாம்.

அந்தக் காலத்தில் மனுஷனுக்குச் சாவே கிடையாதாம். ஆயிரம் வயசானாலும் உயிர் போகாதாம். ஆனால், வயசு ஏற ஏற உடம்பு மட்டும் சுருங்கிக்கொண்டே வருமாம். கடைசியில் பூனைக்குட்டி அளவுக்கு ஆகிவிடுவார்களாம். விளக்கு மாடத்தில் தூக்கி உட்காரவைத்தால் அங்கேயே உட்கார்ந்து முழித்துக்கொண்டிருப்பார்களாம். வீட்டில் இருப்பவர்களும் எத்தனை காலத்துக்குத்தான் பார்த்துக்கொள்வார்கள்? பெரிய தாழி ஒன்றைச் செய்து, உள்ளே கிழவரை உட்காரவைத்து, கொஞ்சம் சோறு, தண்ணீர், ஒரு விளக்கு எல்லாம் வைத்து, மேலே மூடி போட்டு மண்ணுக்குள் இறக்கிவிடுவார்களாம்.

‘‘உசிரோடவா பாட்டி?’’

‘‘பின்னே? அவங்களுக்குத்தான் சாவே வராதே!’’

ராத்திரி தூக்கம் வராது.

இது யாரோ ஒருத்தர் வீட்டுக் கதை இல்லை. 1881-ல் திருநெல்வேலியின் வரலாற்றை எழுதிய கால்டுவெல்கூட, தாழிகளைப் பற்றி ஜனங்களிடம் இப்படியொரு நம்பிக்கை இருப்பதைக் குறித்திருக்கிறார். மண்ணைத் தோண்டும்போதெல்லாம் ஆள் உயரத் தாழி அகப்பட்டால், மக்கள் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கத்தானே செய்வார்கள்?

கதை பொய்தான். ஆனால், அதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது. கவனித்தீர்களா? இந்தக் கதையில் காலம் கடந்துபோவதே இல்லை. அது சுருங்கி, சுருண்டு, நம் காலுக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறது!

இதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களைப் பம்பாய்க்கு அழைத்துப்போகிறேன். வருஷம் 1936.

*

ஈரானிலிருந்து ஒருவர் கப்பலேறி வந்து இறங்குகிறார். வயது முப்பத்து மூன்று. கண்ணாடி அணிந்த, அதிகம் பேசாத மனிதர். பெயர் சாதிக் ஹிதாயத். பம்பாய்க்கு அவர் வந்ததற்கு ஒரு காரணம், அங்கிருந்த பார்சி அறிஞர்களிடம் பழைய பாரசீக மொழியான பஹ்லவி கற்றுக்கொள்வது. வந்த இடத்தில், ஏற்கெனவே மனதில் உருண்டுகொண்டிருந்த ஒரு சின்ன நாவலுக்கு முழு உருவம் கொடுத்தார். அச்சுக்குப் போகவில்லை. கையால் எழுதி, உருட்டுப் பிரதியாக ஐம்பதே ஐம்பது படிகள் எடுத்தார். ‘ஈரானில் விற்பனைக்கு அல்ல’ என்று ஒரு குறிப்பு வேறு. அங்கே ரெஜா ஷாவின் ஆட்சி. தணிக்கைக்காரர்கள் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த நாவல்தான் ‘குருட்டு ஆந்தை’. நவீன பாரசீக நாவல் என்றால் உலகம் முதலில் சொல்லும் பெயர். ரெஜா ஷா பதவி இறங்கிய 1941-ல்தான் டெஹ்ரான் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது. அதைப் பெற்றுப்போட்ட ஊர், நம் பம்பாய்!

கதை என்ன?

பேனாப் பெட்டிகளின் மேல் படம் வரைந்து பிழைக்கும் ஒருவன். அவன் வரைவது எப்போதும் ஒரே படம். ஒரு சைப்ரஸ் மரம். அதனடியில் குந்தியிருக்கும் கூனல் கிழவன். எதிரே கறுப்பு உடையில் ஒரு பெண், அவனுக்கு ஒரு பூவை நீட்டுகிறாள். இருவருக்கும் நடுவே ஒரு வாய்க்கால். ஏன் இதையே வரைகிறான் என்று அவனுக்கே தெரியாது. ஒருநாள் வீட்டுச் சுவரில் இருக்கும் காற்றுத் துளை வழியே பார்க்கிறான். வெளியே அதே கிழவன், அதே மரம், அதே பெண். உயிரோடு!

பிறகு ஓர் இரவில் அந்தப் பெண் அவன் வீட்டுக்கே வருகிறாள். படுக்கிறாள். வீட்டிலிருந்த பழைய ஒயினை அவள் வாயில் கொஞ்சம் ஊற்றுகிறான். அவள் இறந்துகிடக்கிறாள். விடிவதற்குள் அவள் கண்களை மட்டும் படமாக வரைந்துவிட்டு, உடலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் புதைக்கக் கொண்டுபோகிறான். வண்டி ஓட்டுவதும் குழி தோண்டுவதும் ஒரு கூனல் கிழவன்.

குழி தோண்டும்போது மண்வெட்டியில் ஏதோ தட்டுகிறது. ஒரு பழைய ஜாடி. டெஹ்ரானுக்குத் தெற்கே, பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியர்கள் அழித்த ‘ரே’ என்ற புராதன நகரத்தின் ஜாடி. கிழவன் அதைத் தன் கூலியாக எடுத்துக்கொள்கிறான். அப்புறம் என்ன நினைத்தானோ, இவனிடமே கொடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தால் ஜாடியின் மேல் ஒரு பெண்ணின் முகம். நேற்று ராத்திரி இவன் வரைந்த அதே கண்கள்! பல நூறு வருஷங்களுக்கு முன்னால் எவனோ ஒரு கைவினைஞன் இதே கண்களைப் பார்த்திருக்கிறான். இதே வேதனையை அனுபவித்திருக்கிறான்.

இது முதல் பாதி. இரண்டாம் பாதியில் அவன் அபின் மயக்கத்தில் வேறொரு காலத்துக்குள் விழுகிறான். ரே நகரம் உயிரோடு இருக்கிற காலம். அங்கே அவன் நோயாளி. அவனை வெறுக்கும் மனைவி. ஜன்னலுக்கு வெளியே பழைய சாமான் விற்கும் ஒரு கூனல் கிழவன். அவன் கடைவிரிப்பில் ஒரு ஜாடி. எல்லாம் அதே ஆட்கள். உடைதான் வேறு.

*

‘காலத்தை இந்த ஆள் என்னதான் செய்கிறார்?’ என்று நீங்கள் கேட்கலாம். மூன்று காரியம் செய்கிறார்.

ஒன்று, வரிசையை மாற்றுகிறார். முதலில் விளைவு, பிறகுதான் காரணம். முதல் பாதியில் வந்த அந்த ஒயின் ஞாபகம் இருக்கிறதா? அது எங்கிருந்து வந்தது என்பது இரண்டாம் பாதியில்தான் தெரிகிறது. அவன் அம்மா ஓர் இந்தியக் கோயில் நடனக்காரி. பெயர் புகம் தாசி. அவளை இரட்டைச் சகோதரர்கள் இருவருமே விரும்ப, நாகப்பாம்போடு ஓர் இருட்டறையில் இருவரையும் அடைக்கிறார்கள். ஒருவன் சாகிறான். இன்னொருவன் தலை நரைத்து, புத்தி பேதலித்து வெளியே வருகிறான். வந்தது அப்பாவா, சித்தப்பாவா? யாருக்கும் தெரியாது! அந்த அம்மா மகனுக்கு விட்டுப்போன சீதனம்தான் நாக விஷம் கலந்த ஒயின். பல பக்கங்களுக்கு முன்னால் ஒரு பெண் ஏன் செத்தாள் என்பதற்கான விடை, அதைவிடப் பழைய அடுக்கில் புதைந்திருக்கிறது.

இரண்டு, திரும்பச் சொல்கிறார். முதல் பாதியில் அவன் கையிலிருக்கும் காசு இரண்டு கிரான், ஒரு அப்பாஸி. இரண்டாம் பாதியில் இரண்டு திர்ஹம், நான்கு பஷீஸ். காசு மட்டும் மாறியிருக்கிறது. மனிதனின் கதை மாறவில்லை. எந்த அடுக்கு எந்தக் காலம் என்று தொல்லியல்காரர்கள் காசை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் அல்லவா? ஹிதாயத் நாவலுக்குள் அதையே செய்துவைத்திருக்கிறார்.

மூன்று, கடைசியில் சாட்சியை எடுத்துவிடுகிறார். அவன் கண் விழிக்கும்போது கூனல் கிழவன் அந்த ஜாடியை அழுக்குத் துணியில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பனிக்குள் மறைகிறான். இரண்டு காலங்களையும் இணைத்த ஒரே பொருள் போய்விட்டது. இனி அவன் சொல்வது நிஜமா, பிரமையா? நிரூபிக்க வழியில்லை.

இத்தனைக்கும் ஹிதாயத் ரே நகர ஜாடியைச் சும்மா கற்பனையில் கொண்டுவரவில்லை. 1934 முதல் 1936 வரை அமெரிக்கத் தொல்லியலாளர் எரிக் ஷ்மிட் அந்த நகரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். நாவல் உருவான அதே வருஷங்கள்!

சரி, பம்பாயும் ஈரானும் போதும். நம்மூருக்கு வருவோம்.

*

திருநெல்வேலியில் திருச்செந்தூர் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆதிச்சநல்லூர். தாமிரபரணியின் தென்கரை. செம்மண்ணும் சரளைக்கல்லுமாக ஒரு மேட்டு நிலம். ஊர்க்காரர்கள் ‘பரம்பு’ என்பார்கள். சுமார் 114 ஏக்கர். ரோடு அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. பஸ்ஸில் நீங்கள் கண்ணயர்ந்தால், ஆயிரக்கணக்கானவர்கள் தூங்கும் இடத்தைத் தூங்கிக்கொண்டே கடந்துவிடுவீர்கள்.

இந்த ஊரின் வரலாற்றை எங்கிருந்து ஆரம்பிப்பது? ‘கிறிஸ்துவுக்கு முன் இத்தனையாவது நூற்றாண்டில்...’ என்று நேராக ஆரம்பிக்க முடியாது. ஏனென்றால் அது அந்த வரிசையில் நமக்குக் கிடைக்கவில்லை. ஹிதாயத்தின் நாவலைப்போலத் தலைகீழாகத்தான் கிடைத்தது.

முதல் காட்சி 1876. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெடோர் யாகோர் வருகிறார். கலெக்டர் உடன் இருக்க, பரம்பு தோண்டப்படுகிறது. மண்பாண்டங்கள், இரும்புக் கருவிகள், எலும்புகள், மண்டையோடுகள்... எல்லாம் பெட்டியில் அடைக்கப்பட்டு பெர்லின் போய்ச் சேருகின்றன. பனிக்குள் மறைந்த கிழவன் ஞாபகத்துக்கு வருகிறானா?

இரண்டாம் காட்சி 1899 முதல் 1905 வரை. இந்தியத் தொல்லியல் துறையின் அலெக்ஸாண்டர் ரியா, பல கட்டங்களாகத் தோண்டுகிறார். வெண்கல ஜாடிகள், எருமை உருவம் வைத்த மூடிகள், வாள்கள், ஈட்டி முனைகள், நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்கள். சில பாத்திரங்களில் நெல் உமி. வெண்கலத்தில் ஒட்டிக்கொண்ட துணியின் தடம். தாழியோரம் இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கிச் செருகியபடி இருந்ததையும் ரியா கவனித்து எழுதினார். துக்கத்துக்கு வந்தவர்கள், கடைசி மரியாதையாக மண்ணில் குத்திவிட்டுப் போனது போல. 1915-ல் எல்லாவற்றுக்கும் பட்டியல் வெளியானது. பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. ஏறக்குறைய இதே காலத்தில் பாரிஸிலிருந்து லூயி லாபிக் என்பவரும் வந்து தோண்டினார்.

அப்புறம்?

அப்புறம் ஒன்றுமில்லை. நூறு வருஷ மௌனம்.

மூன்றாம் காட்சி 2004. தொல்லியல் துறையின் தி.சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் மண்வெட்டி விழுகிறது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. ஒரு தலைமுறையின் மேல் இன்னொரு தலைமுறை. அதே இடத்தில் தாத்தா பாட்டிக்கு மேலேயே படுக்க வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ!

அங்கேதான் அந்த ஓடு கிடைத்தது. தாழி ஓட்டின் மேல் களிமண்ணை ஒட்டிச் செய்த புடைப்புச் சித்திரம். ஒல்லியாக, உயரமாக ஒரு பெண். அருகே ஒரு தாவரம். ஒரு கொக்கு. ஒரு மான். ஒரு முதலை.

ஒரு பெண், ஒரு மரம், ஒரு நீர்நிலை... அதுவும் புதைகுழியிலிருந்து எடுத்த மண்பாண்டத்தில்! ஹிதாயத் ஆதிச்சநல்லூர் என்ற பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அவர் இறந்தது 1951-ல், பாரிஸில், தன் கையாலேயே. இந்த ஓடு வெளியே வந்தது அதற்கு ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால், சாவுப் பானையில் ஒரு பெண்ணை வடித்த அந்தக் குயவனின் விரலும், அந்த நாவலின் ஓவியனும் கேட்ட கேள்வி ஒன்றாக இருக்கலாம். போனவர்களை எப்படிப் போகாமல் வைத்திருப்பது?

*

‘அந்தப் பெண்ணுக்கு என்ன வயது?’ - இதுதான் அடுத்த கேள்வி. இங்கேதான் நாம் பறிகொடுத்தது என்ன என்பது தெரியும்.

காலத்தைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்களுக்கு இரண்டு வழிகள் முக்கியம். முதலாவது அடுக்கு. மேலே இருப்பது புதிது, கீழே இருப்பது பழசு. தினசரி காலண்டரைக் கிழிக்காமல் விட்டால் எப்படியோ அப்படி. ஆனால், இடுகாட்டில் இந்தக் கணக்கு குழம்பும். பின்னால் வந்தவன் குழி தோண்டும்போது முன்னோர்களின் அடுக்கைக் குடைந்துகொண்டு கீழே போவான். புதிய தாழி, பழைய தாழிக்குப் பக்கத்திலேயே, சில இடங்களில் அதைவிட ஆழத்திலும் உட்கார்ந்துவிடும். நேற்றும் அதற்கு முந்தைய நாளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்! குழியின் விளிம்பு எந்த மட்டத்தில் தொடங்குகிறது என்பதை மண்ணின் நிறத்தை வைத்துப் பார்த்தால்தான் எது எந்தக் காலம் என்று பிரிக்க முடியும்.

இரண்டாவது வழி, கரி. உயிரோடு இருந்த எதிலும் கார்பன்-14 இருக்கும். செத்தபிறகு அது தேயத் தொடங்கும். 5,730 வருஷத்தில் பாதியாகும். மிச்சத்தை அளந்தால் காலம் தெரியும். இதை வில்லர்ட் லிபி கண்டுபிடித்தது 1940-களின் கடைசியில். யாகோர் காலத்திலும் ரியா காலத்திலும் கரித்துண்டு வெறும் கரித்துண்டுதான். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆனால், விளைவைப் பாருங்கள். பெர்லினில் இருக்கும் வாளும் நம்முடையதுதான். அது துருப்பிடித்தாவது இருக்கிறது. ஆனால், அது எந்த மட்டத்தில், எந்தத் தாழிக்குப் பக்கத்தில், எந்தக் கரியோடு கிடந்தது? அந்தத் தகவல் குழியோடு கலைந்துபோனது. பொருளைத் திருப்பி வாங்கலாம். அதன் காலத்தைத் திருப்பி வாங்க முடியாது. திருடுபோகக்கூடியது தங்கம் மட்டுமல்ல, காலமும்தான்!

2004-ல் எடுத்ததற்காவது காலம் தெரிந்ததா? அதற்கும் பதினைந்து வருஷம் காத்திருந்தோம். மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் பொதுநல வழக்கு நடந்து, 2019-ல்தான் இரண்டு மாதிரிகளின் காலம் வெளியே வந்தது. கி.மு. 905, கி.மு. 696. ஓர் அகழாய்வு தொடங்கியபோது ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த பையன், கல்லூரியில் நுழைந்த பிறகு கிடைத்த விடை!

*

அதன்பிறகு வேகம் பிடித்தது. 2020 மத்திய பட்ஜெட்டில் நாட்டின் ஐந்து தொல்லியல் அடையாளத் தலங்களில் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. 2021 அக்டோபரில் மறுபடி தோண்டினார்கள். 2022-ல் மீண்டும் ஒரு தங்கப் பட்டம். ரியா எடுத்ததற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, அதன் தம்பி!

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிவகளையில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று 2021-ல் அறிவிப்பு வந்தது. 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை, சிவகளையில் இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோனது. உலகெங்கும் இதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. கரியின் வயதும், பக்கத்திலிருக்கும் இரும்பின் வயதும் ஒன்றுதானா என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

வேடிக்கையைக் கவனியுங்கள். நம் காலண்டர் 2019, 2021, 2025 என்று முன்னால் போகிறது. தாழிகளின் காலண்டர் 905, 1155, 3345 என்று பின்னால் போகிறது. முன்னே போகப் போகப் பழசாகும் கதை!

பெருமையாகத்தான் இருக்கிறது. எனக்கும்தான். ஆனால், ஒரு பயமும் இருக்கிறது. ‘எங்க ஊர்தான் பழசு’ என்று எண்களை வைத்துப் பந்தயம் விடத் தொடங்கினால், அந்த நெல்லை உள்ளே வைத்த கையை மறந்துவிடுவோம். செத்தவருக்குப் பசிக்குமே என்று ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி ஒரு பிடி நெல்லை அள்ளிப் போட்டாள். வரலாறு என்பது அந்த எண் அல்ல, அந்தப் பிடி.

இந்தக் கரையே அப்படிப்பட்டதுதான். ஆறு கடலைத் தொடும் இடத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கை இருந்தது. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்ட, கடல் பின்வாங்கியது. இன்று கொற்கையில் நின்றால் கடல் தெரியாது. துறைமுகம் காயலுக்குப் போனது. மார்க்கோ போலோ பார்த்தது அதைத்தான். பாரசீகக் கரையிலிருந்து பாண்டியனுக்குக் குதிரைகள் இறங்கிய காலம் அது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அந்தக் குதிரை வியாபாரத்தை எழுதிவைத்திருக்கிறார். காயலையும் மண் மூடியது. பிறகு தூத்துக்குடி. ஒரே துறைமுகம் மூன்று பிறவி எடுத்தது போல, ஆள் அதே, உடை வேறு. இந்தக் கரையின் கதையை ஜோ டி குருஸ் ‘கொற்கை’ நாவலில் 1914-ல் தொடங்கி 2000 வரைக்கும் கொண்டுவருவார். நடந்துபோகும் காலம் அது. பரம்பில் இருப்பதோ சுருண்டு படுத்திருக்கும் காலம். இந்தக் கரைக்கு இரண்டும் வேண்டும்.

2023 ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தோண்டிய குழிக்கு மேல் கண்ணாடித் தளம். கீழே தாழிகள், கண்டெடுத்த அதே இடத்தில், அதே சாய்வில். போய்ப் பாருங்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டி கதையை அங்கே நின்றுகொண்டு சொல்லுங்கள்.

வெளியே வந்து பரம்பில் நடக்கும்போது, மழைக்குப் பிறகென்றால், காலடியில் கறுப்பும் சிவப்புமாக ஓர் ஓட்டுத்துண்டு தட்டுப்படலாம். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கை பரபரக்கும். ‘ஒரு துண்டுதானே?’ என்று தோன்றும்.

வேண்டாம். பார்த்துவிட்டு, கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிய கிழவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.